திப்புவின் கைத்துப்பாக்கிகள்: மெய்ம்மையும் மதிப்பும்

பழம்பொருட் சந்தையில் ஒரு பொருளின் மெய்ம்மை பற்றி எழும் வினா பெரும்பாலும் பணம் பற்றிய வினாவாகவே கொள்ளப்படுகின்றது. வாங்கியவன் ஏமாற்றப்பட்டானா, இல்லையா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். ஆயின் மைசூரின் திப்பு சுல்தானது ஆயுதசாலைகளிற் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளைப் பொறுத்தவரை இவ்வினா வரலாற்றாய்வின் நடுநரம்பையே தொடுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பிரித்தானியக் குடியேற்றவாதத்தை எதிர்த்து நின்ற ஓர் இந்திய அரசு ஐரோப்பியத் தரத்துக்கு ஈடான சுடுகருவிகளைத் தானே உற்பத்தி செய்யும் ஆற்றல் பெற்றிருந்ததா? அவ்வாற்றலில் சுதேசக் கம்மியரின் பங்கு யாது, பிரெஞ்சுத் தொழில்வினைஞரின் பங்கு யாது? இவற்றுக்கு விடைகூறும் சான்றுகளுள் அத்துப்பாக்கிகளும் அடங்கும். எனவே ஒரு போலி, சேகரிப்பாளனின் பணப்பையை மட்டுமன்றி இச்சான்றுத் தொகுதியையும் கெடுத்துவிடுகின்றது.

1799 மே 4ஆம் திகதி சீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது. திப்பு போரிலே மாண்டார். தாக்கிய படையில் டி மெயுரோன் என்னும் சுவிஸ் கூலிப்படையும் இருந்தது. ஒல்லாந்தரின் சம்பளத்தில் இலங்கையிற் காவல்புரிந்து, 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாற்றப்பட்ட படை அது. வெற்றிபெற்றோர் எடுத்த கணக்கின்படி கோட்டையில் 929 பீரங்கிகளும் ஏறத்தாழ 99,000 நெடுந்துப்பாக்கிகளும் இருந்தன. கொள்ளை பின்னர் முறைப்படுத்தப்பட்டது. கைப்பற்றிய பொருள்களை மதிப்பிட்டு, விற்று, பதவி நிலைக்கேற்பப் பங்கிடுவதற்கென அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். இன்று திப்புவின் ஆயுதங்கள் எனப்படுவனவற்றுட் பெரும்பாலானவற்றின் வரலாறு இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றது.

மெய்யான கைத்துப்பாக்கி ஒன்றில் முதலில் நோக்கவேண்டியவை அதன் குறிகள். புலிவரி, சுடுபொறியிலும் குழலிலும் வரும் புலியுருவம், ஐதர் அலியின் பெயரைக் குறிக்கும் முத்திரை, செய்த இடம், செய்தவன் பெயர், ஆண்டு என்பன பொறிக்கப்பட்டிருத்தல் உண்டு. 'பட்டன்' என்ற இடப்பெயர் சீரங்கப்பட்டணத்தையே குறிக்கும். செய்த கம்மியனின் பெயர் அரசனின் இலச்சினையோடு ஒருங்கே நிற்பது தனியே ஆராயத்தக்க செய்தி. இணைத் துப்பாக்கிகளாயின் ஒன்றின் பொறி வலப்புறத்திலும் மற்றதன் பொறி இடப்புறத்திலும் அமைந்து, கண்ணாடிப் பிம்பம்போல் இருப்பதுண்டு. ஒற்றையாய் வந்துசேர்ந்த இரண்டினை இணையென்று விற்க முயல்வோர் பெரும்பாலும் இங்கேதான் அகப்படுகின்றனர்.

ஆண்டுக் குறிப்பு நுணுகி நோக்கற்பாலது. 1787 அளவில் திப்பு 'மௌலூதி' எனப்படும் புதிய ஆண்டுக்கணக்கை நடைமுறைப்படுத்தினார். அது சூரிய ஆண்டோடு பொருந்துமாறு திருத்தப்படும் சந்திரக் கணக்காகும். ஹிஜ்ரி ஆண்டுக்குப் பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் முற்பட்டுச் சென்றது. மௌலூதி 1226 என்பது ஏறத்தாழ கி.பி. 1798 ஆகும். இதனை அறியாத ஒருவர் ஹிஜ்ரி எனக் கொண்டு கணிப்பாராயின் 1811 என்ற விடை கிடைக்கும். திப்பு மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின் செய்யப்பட்டதென அவர் உண்மைப் பொருளையே போலியென ஒதுக்கிவிடுவார். மேலும், இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதும் முறையும் அக்காலத்திற் புகுத்தப்பட்டது. நாணயங்களில் இது தெளிவாகத் தெரிகின்றது. அம்முறையில் 1226 நமது கண்ணுக்கு 6221 எனத் தோற்றும். அரைகுறை அறிவுடைய போலியாளன் வழக்கமான ஒழுங்கிலேயே இலக்கங்களைப் பொறித்துவிடக்கூடும். ஆயினும் இன்று இதனை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. றொபின் விகிங்ரன் திப்புவின் சுடுகருவிகள் பற்றி 1992இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். ஆய்வாளனுக்குக் கைந்நூலாக அமைவது போலியாளனுக்கும் கைந்நூலாகலாம் அல்லவா?

ஆதலால் குறிகளுக்கு அப்பால் செய்முறையை நோக்குதல் வேண்டும். திப்புவின் துப்பாக்கிகள் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிப்பவை. 1820களின் பின் செப்புத் தொப்பியில் அடைத்த வெடிபொருளைத் தட்டி வெடிக்கவைக்கும் முறை பரவியபோது, பழைய துப்பாக்கிகள் பல அதற்கேற்ப மாற்றப்பட்டன. அந்த மாற்றம் நேர்மையானது. ஆயுதம் தொடர்ந்து பயன்பட்டமைக்கு அதுவே சான்று. பிற்கால வியாபாரிகளோ, கல்பொறிக்கு விலை அதிகம் என்பதனால் அவற்றை மீண்டும் பழைய வடிவுக்குத் திருப்பினர். இத்தகைய பொருளின் குழல் மெய், கட்டையும் மெய்யாகலாம், பொறி மட்டும் பொய். பற்றுத்துளையைச் சுற்றி அடைக்கப்பட்ட உலோகம், பொறித்தகட்டில் மூடப்பட்ட பழைய துளைகள், கையால் வெட்டிய ஒழுங்கற்ற புரிகளுக்கிடையே இயந்திரத்தால் வெட்டிய ஒரு திருகாணி ஆகியன இதனைக் காட்டிக்கொடுக்கும். பொறியைக் கழற்றி மறுபக்கத்தைப் பார்த்தல் இன்றியமையாதது. அமிலமிட்டு உண்டாக்கிய துரு ஒரே சீராகப் படிந்திருக்கும். காலத்தின் துரு அவ்வாறன்று. காற்றும் ஈரமும் கைவியர்வையும் பட்ட இடத்துக்கேற்ப வேறுபடும்.

இனி மதிப்பு. 'திப்புவின் ஆயுதசாலையிற் செய்யப்பட்டது' என்பதும் 'திப்பு கையாண்டது' என்பதும் வேறு வேறு கூற்றுக்கள். முன்னையது குறிகளால் நிறுவப்படலாம். பின்னையதற்கு 1799 முதல் இன்றுவரை அறுபடாத உரிமைச் சங்கிலி வேண்டும். ஆங்கில அதிகாரியொருவர் பின்னர் பதித்த வெள்ளித் தகடு, அவர் தம்மைப் பற்றி ஊரார் எதனை நம்பவேண்டுமென விரும்பினார் என்பதற்கே முதற்சான்று. ஆயினும் சந்தை அரசனின் கைக்கே பணம் கொடுக்கின்றது. திப்புவின் பள்ளியறை வாள் எனப்பட்டது 2023 மே மாதம் லண்டனில் ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் பவுணுக்கு விலைபோயிற்று. 2019 மார்ச்சில், இங்கிலாந்து வீடொன்றின் பரணிலிருந்து வெளிவந்த வெள்ளிப்பூண் துப்பாக்கியொன்று 60,000 பவுண் பெற்றது. 2021இல் திப்புவின் சிம்மாசனப் புலித்தலையொன்று நாட்டைவிட்டுச் செல்லாதவாறு பிரித்தானிய அரசு தற்காலிகத் தடை விதித்தது. கொள்ளைப்பொருள் கொள்ளையிட்டோரின் மரபுரிமையாகும் விந்தையை வாசகர் கவனிப்பர்.

ஏல அரங்குகளில் தோன்றுவன பெரும்பாலும் வெள்ளிப் பூணும் பொன்னிழைப்பும் கொண்டவையே. அழகுள்ளதை எடுத்துச் சென்றவர்கள் அதனைப் பேணினார்கள்; சாதாரணப் படைவீரனின் கருவியைப் பேண யாருக்கும் காரணம் இருக்கவில்லை. மைசூரின் உற்பத்தி ஆற்றலை அளவிட விரும்பும் ஆய்வாளனுக்கோ, அரசனுக்காகச் சிறப்பாகச் செய்த ஒன்றிலும் பார்க்க, படைக்கெனத் திரளாகச் செய்தவற்றுள் ஒன்றே அதிகம் பேசும். குழலின் பற்றவைப்பும், உறுப்புக்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடியனவா என்பதும், அளவுகளின் ஒருமையும் அங்குதான் சோதிக்கப்படலாம். வெள்ளியற்ற, குறி மங்கிய அத்தகைய துப்பாக்கி நூதனசாலைக்கு வந்துசேருமாயின் முதலிற் செய்யவேண்டியது அதனைத் துடைக்காதிருத்தலே. மெருகேற்றுமுன் எல்லா முகங்களும் படமெடுக்கப்படல் வேண்டும். பொறியின் உட்புறம் வரையப்படல் வேண்டும். திருகாணிகள் எந்தத் துளையிலிருந்து கழற்றப்பட்டனவோ அந்தத் துளைக்கே மீளல் வேண்டும்.