வில் கொடுத்தவரே தகப்பன்

உதகை தாவரவியல் பூங்காவுக்கு மேலே சரிவில் ஏறினால் மஞ்சக்கல்மந்து. மந்து என்றால் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் ஊர். 1939-ஆம் ஆண்டு தோடர்களைத் தேடி இந்த மலைக்கு ஓர் ஐரோப்பிய இளவரசர் வந்தார். அந்நாளில் ராஜவம்சத்தார் நீலகிரிக்கு வருவது புதிதல்ல. மைசூர் மகாராஜாவுக்கு ஃபெர்ன்ஹில்லில் கோடை அரண்மனையே இருந்தது. ஆனால், கிரேக்க, டென்மார்க் இளவரசரான பீட்டர் வந்த காரியம் வேறு. பாண்டவர்களைப்போல அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் ஏன் உண்டாகிறது என்று அறிய வந்தார்.

பீட்டர் 1908-இல் பாரிஸில் பிறந்தவர். தாத்தா முதலாம் ஜார்ஜ், டென்மார்க்கிலிருந்து வரவழைக்கப்பட்டு 1863-இல் கிரேக்க மன்னரானவர். தாய் மேரி போனபார்ட், நெப்போலியனின் தம்பி வழியில் வந்தவர். சிக்மண்ட் ஃபிராய்டின் சிஷ்யை. 1938-இல் நாஜிகளின் பிடியிலிருந்து ஃபிராய்ட் தப்பிக்கத் துணைநின்றவர். இங்கிலாந்தின் எலிசபெத் ராணியை மணந்த ஃபிலிப், பீட்டருக்குச் சித்தப்பா மகன். இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை லண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் மானுடவியல் படித்து, லடாக்கைப் பார்த்துவிட்டு நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்.

ஒரு பெண்ணுக்குப் பல கணவர்கள் என்றால் பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் யார்? தோடர்களிடம் இதற்குத் தெளிவான விடை இருந்தது. 1901-02-இல் இங்கே ஆய்வுசெய்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் அதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தையொட்டி மரமொன்றின் தண்டில் சிறு மாடம் வெட்டி விளக்கேற்றுவார்கள். கணவர்களில் ஒருவன் குச்சியை வளைத்து வில் செய்வான், புல்லே அம்பு. அதை மனைவியிடம் கொடுப்பான். அவள் வில்லின் பெயரைக் கேட்பாள். குலத்துக்குக் குலம் அந்தப் பெயர் மாறும். பெயரைக் கேட்டபின் வில்லையும் அம்பையும் நெற்றியில் ஒற்றிக்கொண்டு விளக்கைப் பார்த்தபடி இருப்பாள். அவ்வளவுதான். வில் கொடுத்தவரே அந்தக் குழந்தைக்கும், வேறொருவர் வில் கொடுக்கும்வரை அவள் பெறும் குழந்தைகளுக்கும் தகப்பன். அவர் இறந்துபோயிருந்தாலும் அந்த உறவு அறாது. ரத்தம் யாருடையது என்ற கேள்வியே எழவில்லை.

அரண்மனைகளும் இதே கேள்வியோடுதான் நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டின. பிரிட்டனில் அரச குழந்தை பிறக்கும்போது உள்துறை அமைச்சரே அங்கே போய்க் காத்திருக்கவேண்டும்; வேறு குழந்தையை யாரும் வாரிசாக்கிவிடக் கூடாது என்ற அச்சம். எலிசபெத்தின் மகன் சார்லஸ் பிறப்பதற்குச் சற்று முன்பு, 1948-இல்தான் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். அங்கே அமைச்சர் சாட்சி. இங்கே மரத்து மாடத்தில் எரியும் விளக்கு சாட்சி.

சொத்தைத் துண்டாடாமல் காப்பதும் இரு தரப்புக்கும் பொதுவான கவலைதான். ஐரோப்பிய அரச குடும்பங்கள் எல்லாவற்றையும் மூத்த மகனுக்குக் கொடுத்தன. தம்பிகள் படைக்கோ திருச்சபைக்கோ போனார்கள். லடாக், திபெத் பகுதிகளில் தம்பிகளை அனுப்பவில்லை. எல்லோருக்கும் ஒரே மனைவி, ஒரே வீடு, பிரியாத நிலம். தோடர்களுக்கு எருமை மந்தையே செல்வம். அதோடு, தோடர்களிடையே பெண் குழந்தைகளைக் கொன்ற கொடுமையால் பெண்களின் எண்ணிக்கை குறைந்திருந்ததையும் ரிவர்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

திருமண விதிகளை ஆராய வந்த பீட்டரின் வாழ்க்கையே ஒரு திருமண விதியால் திசைமாறியது. அதே 1939 செப்டம்பரில், சென்னையிலிருந்த டென்மார்க் துணைத் தூதரகத்தில், இரினா என்ற ரஷ்யப் பெண்ணை மணந்துகொண்டார். இரினா ராஜவம்சத்தவர் அல்ல, மணவிலக்குப் பெற்றவர். விவாகரத்தான பெண்ணை மணப்பதற்காக எட்டாம் எட்வர்ட் பிரிட்டிஷ் அரியணையைத் துறந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. மன்னரின் அனுமதியில்லாத மணம் என்பதால் பீட்டரின் அரியணை உரிமை போய்விட்டதாகவே கிரேக்க அரச குடும்பம் கருதியது.

அதே ஐரோப்பா பிறகு மாறியது. நார்வேயின் இளவரசர் ஹரால்ட் 1968-இல் துணிக்கடைக்காரர் மகள் சோன்யாவை மணந்தார். பின்னாளில் இருவரும் மன்னரும் ராணியுமானார்கள். சுவீடன் 1980-இல், ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே அரியணை என்று சட்டத்தை மாற்றியது. சுவீடனின் பட்டத்து இளவரசி விக்டோரியா 2010-இல் தன் உடற்பயிற்சியாளரையே மணந்தார்.

பீட்டர் 1949-இல் மீண்டும் நீலகிரிக்கு வந்தார். தோடர் வழிபாட்டில் சுமேரியத் தெய்வப் பெயர்களின் எச்சம் இருக்கலாம் என்று எழுதினார். அது நிலைக்கவில்லை. தோடர் மொழி தென் திராவிட மொழி. அதற்கு மிக நெருங்கிய உறவு பக்கத்துக் கோத்தர்களின் மொழி. தோடர்களின் வேரைத் தேட மெசபடோமியா வரை போகவேண்டியதில்லை. ஆனால், 1963-இல் வெளியான அவருடைய பலகணவர் மணம் பற்றிய பெரிய நூலுக்கு மதிப்பு குறையவில்லை. பிறர் கேலி பேசிய ஒரு வழக்கத்தை, காரணமுள்ள மனித ஏற்பாடாக மதித்து ஆராய்ந்த நூல் அது.

கிரேக்க மக்கள் 1974 டிசம்பரில் வாக்களித்து முடியாட்சியை முடித்துவைத்தார்கள். பீட்டர் 1980-இல் லண்டனில் காலமானார். நீலகிரியில் பலகணவர் மணம் மறைந்துவிட்டது; தோடர்கள் இன்று ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்கிறார்கள். குழந்தை பிறக்கும் முன் வில் கொடுக்கும் சடங்கு மட்டும் இன்றும் மந்துகளில் நடக்கிறது.