நிரல் எழுதாமல் நேர மண்டல இணைப்பு

வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளில் பெயர், தொலைபேசி எண், ஊர் எல்லாம் இருக்கும். வாடிக்கையாளரின் ஊரில் இப்போது மணி என்ன என்பது பல சமயம் இருக்காது. ஜாப்பியர், மேக் போன்ற இணைப்புச் சேவைகள் இக்குறையை நிரல் எழுதாமலே தீர்க்க உதவுகின்றன. புதிய வாடிக்கையாளர் பதிவானதும் இணைப்பு தானாக இயங்கி, முகவரியை நேர மண்டலச் சேவைக்கு அனுப்பும்; வரும் விடையை அவருடைய பதிவிலேயே எழுதிவிடும்.

எதை எழுதி வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். மணி வித்தியாசத்தை மட்டும் சேமிப்பது தவறு. நியூயார்க் குளிர்காலத்தில் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி நேரம் பின்தங்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 4 மணி நேரமே. அரிசோனாவின் பெரும்பகுதியோ கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. ஆகவே ‘அமெரிக்கா/நியூயார்க்’, ‘ஆசியா/கொல்கத்தா’ என்பதுபோல் மண்டலப் பெயரையே சேமிக்க வேண்டும். ஐயானா அமைப்பு வெளியிடும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பெயருக்கும் உரிய விதிகள் உள்ளன. அரசுகள் நேரத்தை மாற்றும்போது அதுவும் புதுப்பிக்கப்படுகிறது.

மண்டலத்தைக் கண்டறியத் தொலைபேசியின் பகுதிக் குறியீட்டை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் மாநிலம் மாறிக் குடியேறியவர்களும் பழைய கைபேசி எண்ணையே வைத்திருப்பது சகஜம். அஞ்சல் முகவரியே மேல். மண்டலம் தவறாகிவிடக் கூடாது; ஏனெனில் அமெரிக்காவில் விற்பனை அழைப்புகளுக்கு, அழைக்கப்படுபவரின் உள்ளூர் நேரப்படி காலை 8 முதல் இரவு 9 மணி வரை மட்டுமே சட்ட அனுமதி உண்டு.