எழுத்து நிற்கும் இடம் – 9: பாதம் இல்லாத எழுத்து

தேயிலைப் பெட்டிகளின் ஸ்டென்சில் எழுத்தைச் சென்ற வாரம் பார்த்தாயிற்று. இந்த வாரம் சான்ஸ் செரிஃப்; அதுவும் தமிழில் என்று வாக்களித்திருந்தோம்.

கோட்டின் நுனியில் சின்னப் பாதம்போல நீளும் வேலைப்பாடுதான் செரிஃப். அது இல்லாதது சான்ஸ் செரிஃப். கண்டியிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறியவர்களுக்கு லபுக்கலைத் தோட்டத்தின் சரிவில் வெள்ளை வெளேரென்று நின்ற 'மெக்வூட்ஸ்' என்ற ஆங்கிலப் பெயர் நினைவிருக்கும். 1841இல் தொடங்கிய கம்பனி அது. பஸ் வளைவில் திரும்புவதற்குள் படித்துவிடலாம். அத்தனை தூரத்தில் மெல்லிய கோடும் நுனிப் பாதமும் பச்சைக்குள் கரைந்துபோகும். ஒரே தடிப்பான கோடு நிற்கும்.

ஆனால் தூரத்தில் தெரிவதெல்லாம் அழகாகிவிடாது. பாதத்தை வெட்டிவிட்ட பிறகு எழுத்தின் எலும்புக்கூடு மட்டுமே மிஞ்சுகிறது. அதன் அளவுகளில்தான் அழகு இருக்கிறது. இதைக் காட்ட கில் சான்ஸை விட நல்ல சான்று கிடையாது. லண்டன் சுரங்க ரயிலுக்காக எட்வர்ட் ஜோன்ஸ்டன் வரைந்த எழுத்து 1916இல் வந்தது. அவருடைய மாணவர் எரிக் கில் வரைந்ததை மொனோடைப் நிறுவனம் 1928இல் வெளியிட்டது. கில் கல்லில் எழுத்துச் செதுக்கியவர். பழைய ரோமானியக் கல்வெட்டுகளின் அளவுகளையே பெரிய எழுத்துகளுக்குக் கொண்டுவந்தார்: 'ஓ' ஏறக்குறைய முழு வட்டம், 'ஈ' ஒடுக்கம், 'ஆர்' காலை நீட்டி நிற்கும். ஒரு குறையும் உண்டு. பெரிய 'ஐ', சிறிய 'எல்', இலக்கம் 1 மூன்றும் ஒரே குச்சி.

1929இல் லண்டன் வடகிழக்கு ரயில்வே கில் சான்ஸைத் தத்தெடுத்தது. நேர அட்டவணை, சுவரொட்டி, நிலையப் பலகை எல்லாம் அதிலேயே. 1932இல் 'ஃப்ளையிங் ஸ்கொட்ஸ்மன்' ரயிலின் பெயர்ப்பலகையைக் கில் தன் கையாலேயே தீட்டினார். அதற்குப் பரிசாக எஞ்சினில் சாரதியின் பக்கத்தில் நின்று பயணம் செய்தார்! எழுத்து வரைந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான கூலி இருக்க முடியாது. ஸ்கொட்லாந்துப் பெயர்களைச் சுமக்கும் கிளென்லயன், ஸ்ட்ராத்ஸ்பே, டன்சினேன் தோட்டங்களின் பலகைகளைத் தீட்டியவர்களையும் யாராவது அப்படிக் கௌரவித்திருக்கலாம்.

தமிழுக்கு வருவோம். நம் நிலையங்களின் பலகைகள் மும்மொழிப் பலகைகள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரப் பட்டைக்குள் அடங்கிவிடும். 'நுவரெலியா' அடங்காது. 'நு' கீழே இறங்குகிறது, 'லி'யின் கொக்கி மேலே எழுகிறது. ஆங்கிலத்துக்கு விட்ட அதே உயரத்தைத் தமிழுக்கும் விட்டால், வாலுக்கும் கொக்கிக்கும் இடம்போய் எழுத்தின் உடல் சுருங்கிவிடுகிறது. தடிப்பைக் கூட்டினாலோ 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் அடைபடும். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. பலகையில் அந்தச் சமத்துவத்தைக் காட்ட, தமிழ் வரிக்குக் கூடுதல் உயரம் கொடுத்தே ஆகவேண்டும்.

இந்தச் சிக்கலைத் தடிப்பு வாரியாக அவிழ்த்தவர் பிரியா ரவிச்சந்திரன். அவருடைய 'கட்டமரான்' எழுத்துரு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து 9 தடிப்புகளில் இருக்கிறது. அதை அடுத்த வாரம் எழுத்து எழுத்தாகப் பார்ப்போம். அதற்குள், பலகை தீட்டும் கலைஞர்களிடமும் அவர்களிடம் வேலை கொடுக்கும் தோட்ட நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த பலகையில் தமிழ் வரியை முதலில் அளந்து வரையுங்கள், மற்ற இரண்டையும் அதற்கேற்ப வையுங்கள்.