மல்லிகை சென்ட்டும் ஈயச்சொம்பு ரசமும்

பெங்களூர் மல்லேஸ்வரம் சந்தையில் முழம் போட்டு மல்லி விற்பவரிடம், "இந்தப் பூ என் குணத்துக்குப் பொருந்துமா?" என்று யாரும் கேட்பதில்லை. அதே மல்லியின் சாரத்தை ஆல்கஹாலில் கரைத்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துவிட்டால் கேள்வி முளைத்துவிடுகிறது. "ஃப்ளோரல் போடுறவங்க ரொம்ப சாஃப்ட் மேடம்" என்று மால்களில் சொல்லி விற்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க, புட்டியிலிருந்து மூக்குவரை நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரசம் வைக்கத் தெரிந்தவருக்கு இது பாதி தெரிந்த விஷயம்தான்.

ரசத்தை இறக்கி, நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டி, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டதும் கூடம்வரை ஒரு வாசனை ஓடுகிறதே, அது இலையில் உட்காரும்போது பாதி போயிருக்கும். அதன்பின் நிற்பது மிளகும் சீரகமும். கடைசிவரை அடியில் தங்குவது பருப்பு வண்டல். சென்ட்டிலும் இதே வரிசைதான். முதலில் ஆல்கஹால் பறக்கிறது. கூடவே எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்கள் கால் மணி நேரத்துக்குள் கிளம்பிவிடும். பிறகுதான் பூ. மல்லியின் முக்கிய மணப்பொருள்களான லினலூல், பென்சைல் அசிடேட் இரண்டும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிப்பவை. சந்தனத்தின் சாண்டலால் கொதிக்க 300 டிகிரி வேண்டும். மணிக்கட்டில் எதுவும் கொதிக்கப் போவதில்லை. ஆனால் கொதிநிலை குறைந்தது முதலில் ஆவியாகிறது, கூடியது பிந்துகிறது.

சென்ட்டின் அடி வண்டலான சந்தனத்துக்குப் பெங்களூரை மிஞ்ச ஊர் கிடையாது. முதல் உலகப்போரில் ஐரோப்பாவுக்குச் சந்தனக்கட்டை ஏற்றுமதி முடங்கியபோது, இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் வேதியியலாளர்கள் சட்பரோவும் வாட்சனும் கட்டையிலிருந்து எண்ணெய் வடிக்கும் முறையை ஆராய்ந்தார்கள். 1916-இல், விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தபோது, மைசூர் அரசின் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை பெங்களூரில் தொடங்கியது. மைசூர் சாண்டல் சோப்பு அதன் வாரிசு. குளித்து நெடுநேரம் ஆன பிறகும் துண்டில் அந்த வாசனை நிற்பதற்குக் காரணம், சாண்டலாலுக்கு அவசரமே இல்லை என்பதுதான். கன்னௌஜ் அத்தர்காரர்கள் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கியதும் இதற்காகவே.

இனி பெருங்காயம். டப்பாவைத் திறந்து நேராக மோந்தால் முகம் சுளிக்கும்; ஒரு சிட்டிகை இல்லாவிட்டால் ரசம் ரசமில்லை. மல்லியில் அந்த வேலையைச் செய்வது இண்டோல். மலத்திலும் இருக்கும் அதே மூலக்கூறு! மிகக் குறைந்த அளவில் அதுதான் இரவில் விரியும் பூவுக்கு அந்தக் கிறக்கத்தைத் தருகிறது. இண்டோலை எடுத்துவிட்டுச் செய்யும் மலிவான மல்லி சென்ட் சுத்தமாக இருக்கும், கொஞ்சம் சோப்புத்தூள் மாதிரியும் இருக்கும். 'சாஃப்ட்டான' பூ என்ற பேச்சு எனக்கு இங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

அடுத்தது பாத்திரம். ஒரே பொடி, ஒரே புளி; ஈயச்சொம்பில் வைத்தால் ஒரு ருசி, எவர்சில்வரில் வைத்தால் வேறு. சென்ட்டுக்குப் பாத்திரம் உங்கள் தோல். எண்ணெய்ப்பசையுள்ள தோல் மணத்தைப் பிடித்து வைக்கும். வறண்ட தோலில் சீக்கிரம் போய்விடும். வியர்வைக்குத் தனியாகப் பெரிய வாசனை கிடையாது. அக்குளில் வாழும் நுண்ணுயிரிகள் அதை உடைத்துத்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு நெடியை உண்டாக்குகின்றன. சென்ட் அதன்மேல்தான் போய் உட்காருகிறது. அடுப்பின் சூடும் கணக்கில் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் ஜனவரிக் காலையில் நிதானமாக அவிழும் புட்டி, சென்னை மே மாதத்தில் ஒரேயடியாகப் பொங்கிவிடும்.

அப்படியானால் குணம்? பிராகில் நடந்து 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது. ஒருவர் தானாகத் தேர்ந்த சென்ட் அவர் உடல் வாசனையோடு கலந்தபோது, ஆய்வாளர்கள் கையில் கொடுத்த சென்ட்டோடு கலந்ததைவிட முகர்ந்தவர்களுக்கு அதிகம் பிடித்தது. தனியாக மோந்தபோது இரண்டு சென்ட்டுக்கும் பிடித்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆக, ஆள் தன் சொம்புக்கேற்ற ரசத்தைத்தான் தேடுகிறார் போலும். பொருத்தம் இருக்கிறது, ஆனால் அது தோலோடு. "உள்ளுக்குள் மென்மை, வெளியே உறுதி" என்ற விளம்பர வரிகளோடு அல்ல. அந்த வரிகள் எல்லோருக்கும் பொருந்தும். 1948-இல் உளவியலாளர் ஃபோரர் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே பலனை மாணவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாக எழுதியதுபோலக் கொடுத்தார். துல்லியத்துக்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு நாலுக்கு மேல்!

மல்லி என்றால் மென்மை என்பவர்கள் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் பெங்களூர் திகளரபேட்டை தர்மராயசுவாமி கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாம். தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்துப் பூசாரி, திரௌபதி கோலத்தில், மல்லிச்சரங்கள் கூம்பாக மூடிய கரகத்தைத் தலையில் ஏந்தி வருவார். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். அந்தத் தெருவில் மல்லி மணத்துக்கு 'ரொமான்டிக்' என்று யாரும் பொருள் சொல்லமாட்டார்கள்.

வாங்குவதாக இருந்தால் அட்டைத்துண்டை நம்பாதீர்கள். அதில் பாத்திரமே இல்லை. மணிக்கட்டில் ஒரு தெளிப்பு, தேய்க்காமல் அரை மணி நேரம் விடுங்கள். நடுவில் மூக்கைச் சரிசெய்யக் கடைக்காரர் காபிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டுவார். 2011-இல் வெளியான ஒரு சோதனையில் அதற்கும் வெறும் காற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த அரை மணி நேரத்தில் கூட வந்தவரோடு வெளியே போய் ஒரு பை-டூ காபி குடித்துவிட்டு வரலாம்.