பெயரில் பிழை வேண்டாம்

பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் எங்கள் கைக்கு வந்தது பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல். பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்த்து நாங்களும் பெற்றோரும் கையொப்பமிட்டோம். "ஓரெழுத்து தவறினாலும் பிறகு அலைய வேண்டியிருக்கும்" என்று எச்சரித்தார் வகுப்பாசிரியை. கணிப்பொறி உலகிலும் இத்தகைய பட்டியல் ஒன்று உண்டு என அறிந்து வியந்தோம். அதனை இங்கு விளக்க விழைகிறோம்.

கணிப்பொறியின் உறுப்புகளை எல்லாம் ஆட்டுவிக்கும் அடிப்படை மென்பொருளுக்குக் 'கெர்னல்' என்று பெயர். 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அத்தகைய கெர்னலே. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இயங்குவது இதுதான். யு.எஸ்.பி.யில் செருகும் மவுஸ், தான் இன்னார் என்று தானே சொல்லிவிடும். ஆனால் கைபேசிக்குள் பற்றவைத்த சில்லுகள் பலவும் வாய் திறவா. எனவே எந்த உறுப்பு எந்த முகவரியில் உள்ளது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அக்கோப்பே 'டிவைஸ் ட்ரீ', அதாவது சாதன மரம்.

இம்மரத்தின் கிளைகளுக்குப் பெயரிட விதிகள் உண்டு. முதலாவது, பெயர் உறுப்பின் தொழிலைக் குறிக்க வேண்டும். அதன்பின் @ குறியும் முகவரியும் வரும். 'சீரியல்@10000000' என்று பெயரிட்டால், உள்ளே எழுதும் முதல் முகவரியும் அதுவாகவே இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஆங்கிலச் சிற்றெழுத்துகளையே பயன்படுத்த வேண்டும். சொற்களை இணைக்கச் சிறுகோடு போடலாம், அடிக்கோடு கூடாது. மூன்றாவது, 'கம்பாட்டிபிள்' என்னும் வரியில் தயாரிப்பாளர் பெயர், காற்புள்ளி, சில்லின் பெயர் என்ற வரிசை வேண்டும். இவ்வரியைப் பார்த்தே கெர்னல் உரிய டிரைவரைத் தேடுகிறது. இதில் ஓரெழுத்து பிழைத்தால், நல்ல சில்லும் உறங்கிக் கிடக்கும்!

முன்னர் இவ்விதிகள் வெறும் உரைநடையாக இருந்தன. மனிதரே படித்துச் சரிபார்த்தனர். இப்போது அவற்றை 'யாமல்' என்ற வடிவில் எழுதுகின்றனர். ஒரு கட்டளை விதிக் கோப்பைச் சோதிக்கும். மற்றொன்று அவ்விதிகளைக் கொண்டு சாதன மரத்தைச் சோதிக்கும். தேவையான வரி விடுபட்டால் உடனே எச்சரிக்கை வரும். வெளியான பெயரைப் பின்னர் மாற்றுவது எளிதன்று. பழைய சாதனங்கள் அதனை நம்பியிருக்கும். ஆகவேதான் இத்தனை கண்டிப்பு.

எனினும் கருவியால் எல்லாம் இயலாது. முகவரி முறைப்படி எழுதப்பட்டுள்ளதா என்று அது சொல்லும். அந்த முகவரியில் மெய்யாகவே சில்லு இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு, பலகையை அறிந்த மனிதரின் கண் வேண்டும்.

எங்கள் பட்டியலிலும் தோழி ஒருத்தியின் பிறந்த தேதி தவறாக இருந்தது. தேதியின் வடிவம் சரியாக இருந்ததால் கணிப்பொறி அதை ஏற்றுக்கொண்டது. கண்டுபிடித்தவர் அவளுடைய தாயார்! விதியைக் கருவி காக்கும். உண்மையை நாமே காக்க வேண்டும். ஆகவே தோழியரே, கையொப்பமிடும் முன் ஒருமுறைக்கு இருமுறை படிப்போம், வருமுன் காப்போம்!