டீசல் வாகனத்தின் வலுவைக் கூட்டுவது: யாரை நம்பி ஒப்படைப்பது?

கல்முனைக் கரையோரத்தில் டீசல் வேன் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. அது ஒரு குடும்பத்தின் சீவனோபாயம். மருதமுனையின் நெசவுத் துணிகளைக் கொழும்புக்குக் கொண்டு செல்வதற்கும், சாய்ந்தமருதிலிருந்து நோயாளியைக் கண்டிக்கு ஏற்றிச் செல்வதற்கும், சொறிக்கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்கு வந்து சேர்வதற்கும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே நம்பியிருப்பது இத்தகைய வாகனங்களையே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த வாகனத்தைப் பேணிக் காப்பதைத் தவிர வேறு வழி எவருக்கும் இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளோ ஒரு லீற்றர் டீசலின் அருமையை அனைவருக்கும் உணர்த்திவிட்டன. இந்தச் சூழலில், “வலுவும் கூடும், எரிபொருளும் மிச்சமாகும்” என்ற வாக்குறுதியோடு வரும் ‘ரீமேப்’ என்னும் வேலை வாகன உரிமையாளர்களை ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆயினும் அந்த வேலை யாதென்பதையும், அதை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதையும் அறியாமல் சாவியைக் கையளிப்பது ஆபத்தானது.

பழைய டீசல் எஞ்சின்களில் எரிபொருளின் அளவைத் தீர்மானித்தது இயந்திரப் பம்ப். 1990களின் நடுப்பகுதிக்குப் பின்னர் இந்நிலை மாறியது. 1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் பாரவூர்திகளுக்காகப் பொதுக்குழாய் முறையை அறிமுகப்படுத்தியது. 1997இல் அம்முறை கார்களுக்கும் வந்தது. ‘கொமன் ரெயில்’ எனப்படும் இம்முறையில் ஆயிரம் பாரைத் தாண்டும் அமுக்கத்தில் டீசல் ஒரு குழாயில் நிறைந்திருக்கும். இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், ஒரு வினாடியின் ஆயிரத்தில் எத்தனை பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. ‘ஈ.சி.யூ.’ என்று கராஜ்களில் வழங்குவது அக்கணினியே.

வயல் நிலத்தோடு வாழ்பவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஈ.சி.யூ. என்பது எஞ்சினின் வட்டவிதானை. குளத்தின் நீர்மட்டம், பயிரின் பருவம், வரம்பின் பலம் ஆகியவற்றைப் பார்த்து எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்று வட்டவிதானை தீர்மானிப்பதைப் போல, காற்றின் அளவு, வெப்பநிலை, சாரதியின் கால் அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து ஈ.சி.யூ. டீசலைப் பகிர்கிறது. அது பார்க்கும் அட்டவணைகளுக்கே ‘மேப்’ என்று பெயர். அவ்வட்டவணையிலுள்ள எண்களை மாற்றி எழுதுவதே ரீமேப். எரிபொருளின் அளவு, குழாயின் அமுக்கம், உட்செலுத்தும் நேரம், டர்போ தள்ளும் காற்றின் அமுக்கம், முறுக்குவிசையின் உச்சவரம்பு, புகையின் உச்சவரம்பு ஆகியன அதில் மாற்றப்படுவன.

இங்கே முதலாவது எச்சரிக்கை தோன்றுகிறது. நமது வீதிகளில் இன்னும் ஓடும் ‘டொல்பின்’ வகைப் பழைய ஹைஏஸ் வேன்களில் பல, இயந்திரப் பம்பைக் கொண்டவை. மாற்றி எழுதுவதற்கு அவற்றில் எரிபொருள் அட்டவணையே கிடையாது. அத்தகைய வாகனத்துக்கு ரீமேப் செய்து தருவதாகக் கூறுபவர் ஒன்றில் அறியாதவர், அல்லது ஏமாற்றுபவர். டர்போ இல்லாத எஞ்சினிலும் இவ்வேலையால் பெறும் பயன் மிகச் சொற்பம். கே.டி.எச். ரக வேன்களும், டபிள் கெப் வாகனங்களும் தாங்கிவரும் டர்போவுடன் கூடிய பொதுக்குழாய் எஞ்சின்களுக்கே இப்பேச்சு பொருந்தும்.

உற்பத்தியாளர் எதற்காக வலுவைக் குறைத்து வைத்தார் என்ற கேள்வி எழுவது இயல்பு. மோசமான எரிபொருள், கடும் வெயில், அளவு மீறிய பாரம், பராமரிப்பில் அசட்டை ஆகிய அனைத்தையும் எஞ்சின் தாங்க வேண்டும் என்பதற்காகவே ஓர் இடைவெளி விடப்படுகிறது. வேறு காரணமும் உண்டு. டொயோட்டாவின் 2.5 லீற்றர் 2கேடி எஞ்சின் ஒரு வடிவில் 102 குதிரைவலுவையும், மற்றொரு வடிவில் 144 குதிரைவலுவையும் தந்தது. இதனைச் சுட்டிக்காட்டி, எண்களை மாற்றினால் போதும் என்று சிலர் வாதிடுவர். ஆனால் வலு கூடிய வடிவத்தில் டர்போ வேறு. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அதில் உண்டு. வரம்பைப் பலப்படுத்தாமல் மதகை அகலத் திறந்தால் வயல் செழிக்காது, வரம்புதான் உடையும்.

ஆகவே, நல்ல ட்யூனரை இனங்காண்பதற்குரிய முதல் அடையாளம், அவர் விலை சொல்வதற்கு முன்னர் கேள்வி கேட்பவராக இருப்பதே. வாகனம் எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எவ்வளவு பாரம் ஏற்றுகிறது, எந்த டீசல் அடிக்கப்படுகிறது, இன்ஜெக்டர்கள் எப்போது பரிசோதிக்கப்பட்டன என்று அவர் கேட்க வேண்டும். 3 லீற்றர் 1கேடி எஞ்சின்களில் இன்ஜெக்டரின் அடி வளையம் கசிந்து, கரி எண்ணெயில் கலந்து, எண்ணெயை உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடுவது அனுபவமுள்ள மெக்கானிக்குகள் அறிந்த குறை. அத்தகைய எஞ்சினின் வலுவைக் கூட்டுவது, நோயாளியின் தலையில் சுமையை ஏற்றுவதற்கு ஒப்பானது. குறையைக் கண்டு, “முதலில் இதனைத் திருத்துங்கள், பிறகு வாருங்கள்” என்று வேலையைத் திருப்பியனுப்பும் ட்யூனரே நம்பிக்கைக்குரியவர்.

இரண்டாவது அடையாளம், அட்டவணையை எழுதுபவர் யார் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்வது. சிறு நகரங்களில் இவ்வேலையைச் செய்வோரிற் பலர் ஈ.சி.யூ.விலிருந்து கோப்பை வாசித்து, வேறோர் ஊரிலோ நாட்டிலோ உள்ளவருக்கு அனுப்பி, அவர் மாற்றித் தருவதை மீண்டும் ஏற்றுபவர்களே. இதில் தவறு எதுவுமில்லை. ஆனால் ஐரோப்பாவின் குளிர்ந்த காற்றுக்கும், கந்தகம் அகற்றப்பட்ட டீசலுக்கும் எழுதப்பட்ட கோப்பு நமது கரையோரத்துக்குப் பொருந்தாது. வெப்பக் காற்றில் அடர்த்தி குறைவு. எனவே ஒட்சிசனும் குறைவு. அதே அளவு டீசலை அங்கு எரிக்கும் எஞ்சின் இங்கு கரும்புகையைக் கக்கும். ஒட்டோ டீசலா, சுப்பர் டீசலா என்ற வினாவைக் கூட எழுப்பாது எழுதப்பட்ட கோப்பைப் பணம் கொடுத்து வாங்குவதில் பொருளில்லை.

மூன்றாவது, மூலக் கோப்பு பற்றியது. வாகனத்தோடு வந்த அட்டவணையை முதலில் வாசித்துச் சேமித்து, அதன் பிரதியொன்றை உரிமையாளரிடம் கையளிக்க வேண்டும். அது உரிமையாளரின் சொத்து. ட்யூனரிடம் இருப்பது அமானிதம். பழைய நிலைக்குத் திருப்பித் தர இயலாதவர் வேலையைத் தொடங்கவே கூடாது. அவர் கையாளும் கருவி அசலானதா என்பதையும் வினவ வேண்டும். இத்தாலியின் ஏலியன்டெக் நிறுவனத்தின் ‘கெஸ்’ போன்ற கருவிகளுக்கு மலிவான போலிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவை எண்களின் சரிபார்ப்புத் தொகையைப் பிழையாக எழுதிவிட்டால், அல்லது எழுதும் வேளையில் பற்றரியின் மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டால், ஈ.சி.யூ. செயலிழந்து வேன் அவ்விடத்திலேயே நின்றுவிடலாம். எழுதும்போது மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் கருவியை இணைப்பவரா என்பதை நேரில் பார்த்தே அறியலாம்.

நான்காவது, அளந்து காட்டுவது. “ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்” என்பது அளவீடு ஆகாது. உருளைகள் மீது வாகனத்தை ஓட்டி வலுவை அளக்கும் ‘டைனோ’ வசதி இருக்குமிடத்தில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்த தாள்களைப் பெற வேண்டும். அவ்வசதி இல்லாத இடத்தில், வாகனத்தை வீதியில் ஓட்டியவாறே குழாயின் அமுக்கம், டர்போவின் அமுக்கம், வெப்பநிலை ஆகியவற்றைப் பதிவு செய்து காட்ட வேண்டும். கல்முனையிலிருந்து கண்டிக்குச் செல்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஹசலக்கையிலிருந்து மேலேறும் 18 வளைவுப் பாதையில் முழுப் பாரத்தோடு ஏறும் வேனில், வெளியேறும் வாயுவின் வெப்பம் 750 தொடக்கம் 800 பாகை செல்சியசைத் தாண்டி நெடுநேரம் நிலைக்குமாயின் டர்போவும் பிஸ்டனும் சேதமுறக்கூடும். சமதரையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதால் இது வெளிப்படாது.

ஐந்தாவது அடையாளமே மிக முக்கியமானது. புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகளை நீக்கவோ முடக்கவோ மறுப்பவரையே தெரிவு செய்ய வேண்டும். ஈ.ஜி.ஆர். வால்வை மூடுவதும், கரி வடிகட்டியை வெட்டியெடுத்து மென்பொருளை அமைதிப்படுத்துவதும் சில இடங்களில் இலவச இணைப்பாகவே வழங்கப்படுகின்றன. மென்பொருள் பொய் சொல்லும் என்பதை 2015 செப்டெம்பரில் உலகம் கண்டது. பரிசோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வொக்ஸ்வேகன் நிறுவனம் பயன்படுத்தியதை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வெளிப்படுத்தியது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வாகனங்களில் அது இருந்தமை தெரியவந்தது. பெரு நிறுவனங்கள் மட்டுமன்றித் தனிநபர்களும் இத்தவறைச் செய்கின்றனர். ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வாகனங்களில் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் நீக்கப்பட்டிருக்கலாம் என்று அதே முகவரகம் 2020இல் மதிப்பிட்டது.

டீசல் புகை மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் வகைப்படுத்தியது. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் சாய்ந்தமருதின் ஒழுங்கைகளில் அந்தப் புகை போவதற்கு வேறிடம் இல்லை. அது அயலவரின் அடுப்படியிலும், பாடசாலை வகுப்பறையிலுமே படிகிறது. இலங்கையில் 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில் டீசல் எஞ்சினைத் திடீரென முடுக்கிப் புகையின் அடர்த்தி அளக்கப்படுகிறது. அதில் தேறாத வாகனத்துக்கு வருமான அனுமதிப்பத்திரம் பெறுவது கடினம். வேலை முடிந்தபின் இப்பரிசோதனையில் வாகனம் தேறாவிடில் மேலதிகக் கட்டணமின்றிச் சீர்செய்து தருவேன் என்பதை எழுத்தில் கேட்பது உரிமையாளரின் உரிமை.

செலவுக் கணக்கையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வேன் ஆண்டுக்கு 30,000 கிலோமீற்றர் ஓடினால் 3,000 லீற்றர் டீசல் தேவை. நூற்றுக்கு 5 வீதம் மிச்சமானாலும் அது 150 லீற்றரே. கூடிய வலுவைப் பெற்ற சாரதி கூடிய வேகத்தில் செலுத்தினால் அந்த மிச்சமும் மறைந்துவிடும். நூற்றுக்கு 20, 30 வீதம் டீசல் மிச்சமாகும் என்று சொல்பவரின் வாக்கு ஐயத்துக்குரியது. அறுவடைக் காலத் தூசியால் அடைபட்ட காற்று வடிகட்டியை மாற்றுவதும், சக்கரங்களின் காற்றைச் சரியாக வைத்திருப்பதும், வேகத்தைக் குறைப்பதும் எந்த அபாயமுமின்றிப் பலன் தருவன. குழாய் அமுக்க உணரியை ஏமாற்றி மேலதிக டீசலைச் செலுத்தச் செய்யும் சிறு பெட்டிகள், ரீமேப்புக்கு மலிவான மாற்று என விற்கப்படுகின்றன. எஞ்சினுக்குப் பொய்த் தகவல் கொடுத்துப் பெறும் வலு நெடுநாள் நிலைக்காது.

காப்புறுதியையும் மறந்துவிடலாகாது. காப்புறுதி ஒப்பந்தம் இரு தரப்பினதும் முழு நேர்மையை அடிப்படையாகக் கொண்டது. வலுவைக் கூட்டியதை மறைத்துவிட்டு, விபத்தின் பின் நட்டஈடு கோரும்போது சிக்கல் எழக்கூடும். வாகனம் இன்னும் லீசிங் தவணையில் இருக்குமாயின், அதன் முழுமையான உரிமையும் நம்மிடம் இல்லை என்பதை நினைவில் வைத்திருத்தல் வேண்டும். செய்த மாற்றத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தர மறுப்பவரிடமிருந்து விலகிக்கொள்வதே உசிதம்.

ரீமேப் தீங்கானது என்பதல்ல இதன் சாரம். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில், அறிந்தவர் கையால், அளவோடு செய்யப்பட்டால் மலையேற்றத்தில் எஞ்சின் திணறுவது குறையும். ஆனால் வாடகைக்கு ஓடும் வேனில், பின் ஆசனங்களில் அமர்ந்திருக்கும் பதினான்கு பேர் அட்டவணையில் மாற்றப்பட்ட எண்களைப் பற்றி ஒன்றும் அறியார். அவர்களுடைய உயிருக்கும் சேர்த்தே உரிமையாளர் பதில் சொல்ல வேண்டியுள்ளது. ஆகவே, எவ்வளவு வலு கூடும் என்று கேட்பதற்கு முன், என் வாகனம் இதனைத் தாங்குமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு “தாங்காது” என்றும் பதில் சொல்லத் துணிபவரே, வாகனத்தின் சாவியை ஒப்படைக்கத் தகுந்தவர்.