அளவறிந்து ஊட்டல்

உணவு மிகுந்தால் உயிர் செழிக்கும் என்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களை வளர்ப்போரோ அஃது எப்பொழுதும் பொருந்தாதென்பதை நன்கறிவர். ரொட்டியைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட்டைக் கொண்டு அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

சர்க்கரை நீரில் ஈஸ்ட்டை இட்டுக் காற்றை நன்கு செலுத்தினால், அது சர்க்கரையில் ஒரு பகுதியை எரித்து, மறுபகுதியால் தன்னுடலைப் பெருக்கும். 100 கிராம் சர்க்கரைக்கு ஏறத்தாழ 50 கிராம் உலர்ந்த ஈஸ்ட் கிடைத்தல் கூடும். காற்றில்லையேல் சர்க்கரையிற் பெரும்பகுதி சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும்; ஈஸ்ட் 10 கிராம் அளவே கிடைக்கும். காற்றினால் விளையும் இவ்வேறுபாட்டைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் 1861-இல் எடுத்துக்காட்டினார். ஆயின் ஒரு வியப்பு: காற்று நிறைந்திருப்பினும் சர்க்கரை மிகுமாயின் ஈஸ்ட் சாராயத்தையே ஆக்கும். தன் எரிக்கும் ஆற்றலுக்கு மிஞ்சியதை அது அவ்வழியே தள்ளிவிடுகின்றது.

இக்குறையை நீக்கும் முறை முதல் உலகப் போரின் காலத்தையொட்டி டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் உருப்பெற்றது. தொட்டியில் முதற்கண் சிறிதளவே உணவிடுவர். பின்னர் ஈஸ்ட் பெருகப் பெருக, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகைச் சிறுகச் சிறுகக் கூட்டிச் சேர்ப்பர். இடையில் எதனையும் வெளியேற்றார்; முடிவிலேயே விளைவை எடுப்பர். வெளிவரும் காற்றில் சாராயம் தோன்றின் ஊட்டம் மிகுந்ததென்று குறைப்பர். நீரிற் கரைந்துள்ள பிராணவாயு திடீரென உயர்ந்தால் உணவு தீர்ந்ததென்று கூட்டுவர். காற்றைச் செலுத்தும் கருவியின் ஆற்றலே இம்முறைக்கு எல்லையாகும்.

ரொட்டிக்கென எழுந்த இம்முறை நோயாளருக்கும் துணையாயிற்று. பெனிசிலின் தரும் பூஞ்சைக்குக் குளுக்கோஸ் மிகுந்தால் பூஞ்சை விரைந்து வளரும், மருந்தோ குறைந்துவிடும். ஆதலின் அதனையும் மெல்ல மெல்லவே ஊட்டுகின்றனர். மனித இன்சுலினை ஆக்குமாறு மாற்றியமைத்த பாக்டீரியாவும் அத்தகையதே. அவ்வாறு பெற்ற இன்சுலினை 1982-இல் அமெரிக்க அரசு ஏற்றது. அப்பாக்டீரியா குளுக்கோஸ் மிகுந்துழிப் புளிக்காடியின் அமிலத்தை வெளியிட்டு, அதனாலேயே தன் வளர்ச்சி குன்றும். நீரிழிவுடையோர் பலர் நாடோறும் ஏற்கும் மருந்து, ஊட்டுவோனின் பொறுமையைச் சார்ந்துள்ளது.

பட்டினி உயிரை வாட்டும். மிகையுணவு அதனை வழிமாற்றும். இவ்விரண்டிற்கும் இடையே, உயிரின் ஆற்றலை அளந்து அதற்கேற்ப ஊட்டுவதே இக்கலை. கற்பிப்போரும் கற்போரும் நிறைந்த நம் கல்லூரியில் இவ்வுண்மை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடத் தக்கதன்று.